லாரி வாடகையில் பாதி காற்றுக்கு

வைக்கோல்தானே, வயலில் சும்மா கிடக்கிறது, அள்ளி வந்தால் போதும் என்றுதான் நானும் நினைத்தேன். டெல்டா பக்கம், வைக்கோல், உமி மாதிரித் தாவரப் பொருளை எரித்து மின்சாரம் எடுக்கும் ஒரு 10 மெகாவாட் பயோமாஸ் மின் நிலையத்தில் எரிபொருள் யார்டு என் பொறுப்பு. மெகாவாட்டுக்கு மணிக்கு ஒன்றேகால் டன் என்று வைத்தாலே ஒரு நாளுக்கு 300 டன் வேண்டும். உமி, சீமைக்கருவேலம், வைக்கோல் எல்லாம் கலந்துதான் எரிப்போம். வைக்கோலில் பொட்டாசியமும் குளோரினும் அதிகம், அதை மட்டும் போட்டால் பாய்லர் குழாய்களில் படிந்து இறுகிவிடும்.

உமிக்கு அலைச்சல் கிடையாது, நெல்லோடு சேர்ந்து அரிசி ஆலைக்கே வந்துவிடுகிறது (செங்கல் சூளைக்காரர்களோடு விலையில் மல்லுக்கு நிற்க வேண்டும், அது தனிக்கதை). வைக்கோல் அப்படியல்ல. உதிரியாக, பக்கமெல்லாம் பிதுங்க ஏற்றினாலும் 4 டன்னைத் தாண்டாது. டயர் அமுங்காது, வாடகை மட்டும் முழு லாரிக்கு. மெஷின் வைத்து உருளைக் கட்டாகச் சுருட்டினால், கட்டு 30 கிலோ வீதம் 200 கட்டு, 6 டன் வரும். ஆனால் கட்டுக் கூலி, வயலிலிருந்து ரோடு வரை டிராக்டர், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி என்று நாலு இடத்தில் பணம் போகும். விவசாயிக்குப் போவது இதில் சின்னப் பங்குதான். கேரளாவுக்கு மாட்டுத் தீவனமாக ஏற்றுகிறவர்கள் நம்மைவிடக் கூட கொடுத்தால் அவரும் என்ன செய்வார்?

இதில் நான் சறுக்கியது ஈரத்தில். சம்பா அறுப்பு தை, மாசியில் முடிந்துவிடும், பாய்லருக்கோ வருஷம் முழுக்கத் தீனி வேண்டும். கையிருப்பு குறைகிறதே என்ற பயத்தில் ஐப்பசியில், மழைக்கு நடுவே, குறுவை வைக்கோலை வாங்கிப் போட்டேன். எடைமேடையில் டன் கணக்கு நன்றாகத்தான் வந்தது. 15 சதவீத ஈரம் என்றால் டன்னுக்கு 850 கிலோ சரக்கு, 30 என்றால் 700 கிலோதான். மீதி தண்ணீர், அதற்கும் விலை, அதற்கும் வாடகை, அப்புறம் அதை ஆவியாக்க அடுப்பில் வெப்பமும்.

அந்தக் கட்டுகளைச் சதுரமாக அடுக்கி மேலே தார்ப்பாய் போடச் சொன்னேன். யார்டில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர், "போர்னா மண்டை கூம்பா இருக்கணும் தம்பி, தட்டையா விட்டா தண்ணி நிக்கும்" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் தார்ப்பாய் குழிந்து குளமானது, ஓரத்தில் ஒழுகியது, உள்ளே புழுங்கிச் சூடேறி ஒரு விடியற்காலையில் புகையத் தொடங்கியது. ஈரம் பட்டது தானாக எரியும் என்று படித்திருந்தேன், பார்த்தது அன்றுதான். பொக்லைன் வைத்துப் பிரித்துப் போட்டோம். பாதி மக்கிப் போயிருந்தது.

அடுத்த சம்பாவுக்கு ஊர் ஊராகக் களம் வாடகைக்குப் பிடித்து, மேடு கட்டி, பெரியவர் சொன்னபடி கூம்பாகவே போர் போட்டோம். களத்து வாடகை, காவல்காரர் சம்பளம் எல்லாம் சேர்ந்ததும் டன் விலை இன்னும் ஏறியது, அலுவலகத்தில் கேள்வி வந்தது. மக்கிப்போன வைக்கோலின் விலையைப் பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். பெரியவர் தினமும் காலையில் ஒவ்வொரு போரிலும் ஒரு நீளக் கம்பியைச் செருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவி, உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். கை பொறுத்தால் சரி.