பழைய டிராக்டருக்கு ஆயில் மாற்றுமுன் சம்ப்பைப் பாருங்கள்

1940, 50, 60களில் வந்த டிராக்டர் ஒன்று கைக்குக் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது, எந்த ஆயில் ஊற்றலாம் என்று. அந்தக் கேள்விக்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்புக்குள் இப்போது என்ன கிடக்கிறது என்பது.

அந்தக் காலத்து இன்ஜின்கள் பலவற்றில் டிடர்ஜென்ட் (அழுக்கைக் கரைத்துச் சுமக்கும் மருந்து) சேராத வெறும் எஸ்.ஏ.இ. 30 ஆயில்தான் ஓடியது. 30 என்பது ஆயிலின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண். அந்த ஆயில் கரியைத் தன்னோடு சுமந்து போகாது, அடியில் படிய விட்டுவிடும். வருடக்கணக்கில் படிந்தது கறுப்பு மெழுகுபோல சம்ப்பில் ஒட்டிக் கிடக்கும். இன்றைய டீசல் ஆயிலில் டிடர்ஜென்ட் நிறைய உண்டு. அதை நேராக ஊற்றி ஓட்டினால் படிவு கட்டி கட்டியாகப் பெயர்ந்து, பம்ப் உறிஞ்சும் வலையை அடைக்கலாம். பிரஷர் விழும், பேரிங் காய்ந்துபோகும். கடைசியில் பழி புது ஆயில்மேல் விழும்.

ஆகவே வரலாறு தெரியாத இன்ஜின் என்றால் சம்ப்பை இறக்கி, உள்ளே இருப்பதைச் சுரண்டி எடுத்து, வலையை மண்ணெண்ணெயில் கழுவி, புது கேஸ்கெட் போட்டு ஏற்றுவதே சரி. சில மாடல்களில் முன் அச்சின் பாரத்தைத் தாங்குவதே வார்ப்பிரும்பு சம்ப்தான். அதைக் கழற்றுமுன் வண்டிக்கு உறுதியாக முட்டுக் கொடுத்தாக வேண்டும். இறக்கவே வழியில்லை என்றால் புது ஆயில் ஊற்றி 10 மணி நேரத்தில் ஒருமுறை, பிறகு 25 மணி நேரத்தில் ஒருமுறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்றுங்கள். அதுவரை கனமான வேலை கொடுக்காமல், பிரஷர் மீட்டரில் ஒரு கண் வைத்தே ஓட்டுங்கள்.

சுத்தமான இன்ஜினுக்கு ஏ.பி.ஐ. சி.ஐ.-4 தரத்து (டப்பாவில் அச்சிட்டிருக்கும் தரக் குறியீடு) 15டபிள்யூ-40 டீசல் ஆயில் நல்ல தேர்வு. பெட்ரோலில் ஓடும் பழைய டிராக்டருக்கும் இதையே ஊற்றலாம். புதிய கார்களுக்கான 5டபிள்யூ-30 வேண்டாம். புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் காப்பாற்றுவதற்காக அந்த ஆயிலில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். பழைய இன்ஜினில் வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம்மின் மேல், அதன் தள்ளலை வாங்கும் தட்டையான டாப்பெட் உரசிக்கொண்டே ஓடும். அந்த உரசலைத் தாங்கவைப்பதே துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்துதான். தேய்ந்த இன்ஜினுக்கு 20டபிள்யூ-50 ஊற்றினால் மீட்டர் முள் ஏறும், ஆனால் பேரிங் இடைவெளி குறையாது. பிரஷர் வால்வு ஸ்பிரிங்குக்கு அடியில் வாசர் வைத்து முள்ளை ஏற்றுவதும் அதே ஏமாற்று வேலை.

இனி மாற்றும் முறை. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி 15, 20 நிமிடம் ஓட விடுங்கள். சூடான ஆயிலில்தான் அழுக்கு கலங்கி நிற்கும், வடியும்போது கூடவே வெளியேறும். ட்ரெயின் போல்ட்டைக் கழற்றி அரை மணி நேரம் விடுங்கள். கையுறை கட்டாயம், பழைய ஆயில் தோலில் தொடர்ந்து படுவது புற்றுநோய்வரை கொண்டுபோகும். செம்பு வாசரைத் திரும்பப் போடுவதாக இருந்தால் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள், இளகிவிடும். இளகாத வாசர் கசியும், கசிகிறதே என்று போல்ட்டை முறுக்கி முறுக்கி சம்ப்பின் மரையை அழித்தவர்கள் அதிகம்.

கிண்ணம் வைத்த பழைய ஃபில்டரில் எலிமெண்ட் மட்டும் மாறும். கிண்ணத்தின் விளிம்பு உட்காரும் மேல்காடியில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையது கறுத்து இறுகி, காடியோடு காடியாகத் தெரியும். அது இருப்பதைக் கவனிக்காமல் புதியதை மேலே வைத்தால், ஸ்டார்ட் செய்த சில நொடிகளில் ஆயில் பீய்ச்சி அடிக்கும். ஊசியால் குத்தி எடுத்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். நடு போல்ட்டின் ஸ்பிரிங், வாசர் வரிசையைக் கழற்றும்போதே மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிப்ஸ்டிக்கின் மேல்கோடுவரை ஊற்றி, டீசல் வண்டியில் இன்ஜினை அணைக்கும் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடித்தபடி 10, 15 நொடி செல்ஃப் அடியுங்கள். பெட்ரோல் வண்டியில் இக்னிஷனைத் துண்டித்துவிட்டு இதைச் செய்யுங்கள். முள் அசைந்த பிறகு ஸ்டார்ட் செய்யலாம். ஃபில்டர் நிரம்பியதும் மட்டம் இறங்கும். அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பார்த்து, குறைந்ததை ஊற்றுங்கள்.

வடித்த ஆயிலை உடனே டப்பாவில் அடைத்துவிடாதீர்கள். பால் கலந்த காபிபோல இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. சூடாகும் அளவுக்கு ஓடாத வண்டியில் வெறும் ஈரப்பதம்கூட மூடியில் வெள்ளைக் களிம்பாகப் படியும். ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஃபெர்குசன் டிஇ20 போல ஈர லைனர் (வெளிப்புறத்தில் நேரடியாகத் தண்ணீர் படும் சிலிண்டர் குழாய்) வைத்த இன்ஜினில் லைனரின் அடி சீலையும் சந்தேகப்பட வேண்டும். ஆயில் மட்டம் தானாக ஏறி டீசல் வாடை அடித்தால், முதல் சந்தேகம், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் கிழிந்த டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு). அதை மாற்றாமல் ஓட்டவே கூடாது. ஃபில்டரை வெட்டி, காகித மடிப்புகளை விரித்துப் பாருங்கள். காந்தத்தில் ஒட்டும் துகள் இரும்பு. ஒட்டாமல் வெள்ளையாகவோ செம்பு நிறத்திலோ மின்னினால் பெரும்பாலும் அது பேரிங் உலோகம்.

இன்ஜினுக்குள்ளிருக்கும் காற்றை வெளியே விடும் பிரீதர் மூடியின் கம்பி வலையையும் இதே நாளில் கழுவுங்கள். அது அடைத்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, பின்பக்க சீல் வழியே ஆயிலைத் தள்ளும். சீல் போய்விட்டது என்று வண்டியை நடுவில் இரண்டாகப் பிரிக்கும் முன் இந்தச் சின்ன மூடியைப் பாருங்கள். காற்றின் தூசியை ஆயிலில் பிடிக்கும் ஆயில் குளியல் ஏர் கிளீனரில் சேற்றைக் கழுவிவிட்டு, குறித்த கோடுவரை மட்டும் ஊற்றுங்கள். கூடினால் இன்ஜின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரித்து, கட்டுக்கடங்காமல் ரேஸ் ஆகும் அபாயம் டீசல் வண்டியில் உண்டு. சிம்ஸ் போன்ற பழைய இன்லைன் டீசல் பம்புக்குத் தனி ஆயில் அறை இருக்கிறது. பக்கத்திலுள்ள மட்டப் போல்ட்டைத் திறந்து அதையும் மாற்றுங்கள்.

வருடத்தில் சில மணி நேரமே ஓடும் வண்டியானால் மணிக்கணக்கு நிறையட்டும் என்று காத்திருக்க வேண்டாம். நீண்ட நாள் நிறுத்திவைக்கும் முன்பே மாற்றிவிடுங்கள். ஓடிய ஆயிலில் சேர்ந்த அமிலமும் ஈரமும் நிற்கும் மாதங்களில்தான் பேரிங்கை அரிக்கும். வடித்ததை மூடிய டப்பாவில் சேர்த்துவைத்து, கழிவு ஆயில் எடுப்பவர்களிடம் கொடுங்கள்.