ஐந்து கட்டையில் ஒரு மழை சொனாட்டா

மூன்று வாரமாக ஒரே ஒலிப்பதிவோடு குடித்தனம். ஜெர்மன் இசையமைப்பாளர் ப்ராம்ஸ் 1879-இல் முடித்த ஜி மேஜர் வயலின் சொனாட்டா (மூன்று பகுதி கொண்ட கருவியிசை), ஓபஸ் 78, அதாவது அவருடைய படைப்பு எண். வயலினும் பியானோவும் மட்டும். வேகம், சுருதி, மனநிலை மூன்றையும் காதால் கண்டுபிடித்து நோட்டில் எழுத வேண்டும் என்பதுதான் திட்டம். மேற்கத்திய நொட்டேஷன் படிக்க வராது. சின்ன வயதில் வர்ணம் வரை கற்ற கர்நாடக வயலின்தான் கையிருப்பு.

முதல் பகுதி சிரமம் தரவில்லை. தம்புரா செயலியை ஐந்து கட்டை சுருதியில் (ஜி-தான் ஷட்ஜம், அதாவது ஸ) வைத்தேன், ஒட்டிக்கொண்டது. ஜி மேஜர் என்றால் நமக்கு ஐந்து கட்டையில் சங்கராபரண ராகம். ஆறு எண்ணிக்கை, மூன்று மூன்றாகச் சாய்கிறது.

மூன்றாம் பகுதியில்தான் மாட்டிக்கொண்டேன். ப்ராம்ஸ் தன்னுடைய பழைய மழைப் பாட்டு ஒன்றின் மெட்டை எடுத்து ஆரம்பிக்கும் இடம் அது. வயலின் ஒரே பஞ்சமத்தை (ப) மூன்று முறை தொட்டுவிட்டு நகரும், பியானோ கீழே சொட்டிக்கொண்டே இருக்கும். வேகம் கணிக்கும் செயலி நிமிடத்துக்கு 160 தட்டு என்றது. காலால் தட்டினால் எனக்கு 80 பக்கம்தான் வருகிறது. பியானோவின் துடிப்பை அது இரண்டாம் காலமாக எண்ணிவிட்டது போல. என் தட்டலும் ஒழுங்கில்லை. ஓரிடத்தில் 78, இன்னோரிடத்தில் 86. வாசிப்பவர்கள் இழுக்கிறார்கள், விடுகிறார்கள். சரி, நோட்டில் ஒரே எண் எழுதாமல் '78-86' என்றே போட்டேன்.

சுருதிக்கு அதே செயலி பி ஃப்ளாட் மேஜர் என்று அடித்துச் சொன்னது. ஆறரைக் கட்டை சங்கராபரணமா? காது ஒப்பவில்லை. பெங்களூர் அல்சூர் வீட்டில் அன்று மாலை நல்ல மழை, ஜன்னலைச் சாத்த வந்த அம்மா நின்று கேட்டார்.

"ஏண்டா, இது கீரவாணி மாதிரி இருக்கே?"

"செயலி சங்கராபரணம்னு சொல்லுதும்மா."

"அதுக்குக் காது இருக்கா? காகலி நிஷாதம் வருது பாரு."

அப்புறம்தான் பொறி தட்டியது. மேற்கத்திய மைனருக்கு நம்மிடம் இரண்டு ராக முகம்: கீழ் நிஷாதம் (நி) வந்தால் நடபைரவி, மேல் நிஷாதமான காகலி வந்தால் கீரவாணி. ஐந்து கட்டை நடபைரவியின் சாதாரண காந்தாரத்தை (கீழ் 'க') ஷட்ஜமாக்கினால் ஆறரைக் கட்டை சங்கராபரணம். ஏழும் அதே ஸ்வரங்கள். செயலி தனக்குத் தெரியாமலே கிரகபேதம் (ஷட்ஜத்தை இடம் மாற்றி வேறு ராகம் காட்டுவது) செய்திருக்கிறது! காட்டிக்கொடுத்தது அந்தக் காகலி நிஷாதம், அதாவது எஃப் ஷார்ப். பி ஃப்ளாட் மேஜரில் அதற்கு இடமில்லை. ஜி மைனர் என்று எழுதி அடிக்கோடிட்டேன். முழுக்கக் கீரவாணி என்றும் சொல்ல முடியாது. இரண்டு நிஷாதமும் வந்து போகின்றன.

மனநிலைக் கட்டத்தில் முதலில் 'சோகம்' என்று எழுதி, அடித்துவிட்டேன். நடுவில் இரண்டாம் பகுதியின் மெட்டு இரண்டரைக் கட்டைக்கு (ஈ ஃப்ளாட்) தாவி எட்டிப் பார்க்கிறது. கடைசியில் சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாக (மேல் 'க') மாறி, ஜி மேஜரிலேயே அடங்குகிறது. மழை விட்ட பிறகும் கூரை சொட்டுகிற மாதிரி. இப்போதைக்கு 'மழை விட்ட வெளிச்சம்' என்று எழுதியிருக்கிறேன். செயலி கொடுக்கும் 'துயரம்', 'மகிழ்ச்சி' என்ற இரண்டு பெட்டியிலும் அது அடங்காது.

இரண்டாம் பகுதி பாக்கி. ப்ராம்ஸின் ஞானப்பிள்ளை (ஞானஸ்நானத்தில் அவர் பொறுப்பேற்ற குழந்தை) ஃபெலிக்ஸ் ஷூமன், வயலின் வாசித்த பையன், 1879 பிப்ரவரியில் 24 வயதில் இறந்துபோனான். அந்த நினைவு இதில் இருக்கிறது என்பார்கள். தம்புராவை இரண்டரைக் கட்டைக்கு மாற்றி வைத்திருக்கிறேன். அம்மாவும் கேட்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்.