கோத்தகிரியில் ஒரு மாலை ஆராதனை: சங்கீதத்தைப் பாடும் சபையைத் தேடி ஒரு பயணம்

வேதாகமத்தின் சங்கீதங்களை மாறிமாறி வாசிப்பதோடு நிறுத்திவிடாமல் இன்றும் பாடுகிற தமிழ்ச் சபை ஒன்று நீலகிரியில், கோத்தகிரியில் இருப்பதாக நண்பர் ஒருவர் சொன்னதை நம்பித்தான் மலையேறினேன். அவர் சொன்னது உண்மைதான். கேட்டு வந்த மகிழ்ச்சி ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்பதையும் சொல்கிறேன்.

மலை ரயிலில் இடம் கிடைக்காததால் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசுப் பேருந்தில் உதகை போய்ச் சேர்ந்தேன். சொந்த வாகனத்தில் வருவோருக்கு இ-பாஸ் வேண்டும். பேருந்துப் பயணிகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. உதகையில் இறங்கியதும் புனித ஸ்தேவான் ஆலயத்துக்குப் போக ஆட்டோ கேட்டேன். இரண்டு கிலோமீட்டர் அளவே இருக்கும் தூரத்துக்கு 350 ரூபாய் என்றார் ஓட்டுநர். மலை ஏற்றம், பெட்ரோல் விலை என்று காரணங்களை அடுக்கினாலும் அது அநியாய விலைதான். குறைக்கக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடந்தே போனேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

1829இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1830 நவம்பரில் பிரதிஷ்டை செய்யப்பட்ட அந்த ஆலயத்தின் கனத்த மரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து கொண்டுவரப்பட்டவை. சுற்றுலாப் பயணிகள் அந்தக் கதையைக் கேட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்கோ அந்த மரக்கூரையின் ஒலிதான் முக்கியமாகப்பட்டது. தாழ்ந்த குரலில் ஒரு வசனத்தை ஓதிப் பார்த்தேன். பெரிய கற்கோயில்களில் போல எதிரொலி நீண்டு அடுத்த சொல்லை மூடவில்லை. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக நின்றது. வசனத்தை இசையில் ஓதுவதற்கு இப்படிப்பட்ட இடம் வேண்டும்.

அங்கிருந்து கோத்தகிரிக்கு நான் ஏறிய பேருந்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. பக்கவாட்டுக் கண்ணாடி மூடவே இல்லை. தொட்டபெட்டாவைத் தாண்டும் வரை பனிமூட்டம் நேராக மடியில் வந்து விழுந்தது. மழைத்தண்ணீர் இருக்கையில் தேங்கியிருந்ததால் நின்றுகொண்டே வந்தவர்கள் பலர். இத்தனை பேர் வேலைக்கும் பள்ளிக்கும் நம்பியிருக்கும் தடத்தில் இப்படியொரு வண்டியை ஓட்டுவது பொறுப்பற்ற செயல். அந்தக் கோபத்தைத் தணித்தது கோத்தகிரிச் சந்தைக்குப் பக்கத்து மெஸ்ஸில் கிடைத்த சாப்பாடு. மலை அவரைக்கொட்டையும் உருளைக்கிழங்கும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஊற்றிய குழம்பு, கீரை, ரசம், கேட்கக் கேட்கச் சோறு. எல்லாம் சேர்த்து 100 ரூபாய்.

ஆராதனை மாலையில். தேயிலைச் சரிவின் ஓரத்தில் நிற்கும் சிறிய ஆலயம். பாடகர் குழுவில் பெரும்பாலும் வயதானவர்கள். குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஊரே அவரை டீச்சரம்மா என்றுதான் அழைக்கிறது. முதலில் 121ஆம் சங்கீதம், பிறகு லூக்கா சுவிசேஷத்தில் வரும் மரியாளின் பாட்டு, அதன்பின் அதே சுவிசேஷத்தின் சிமியோனின் பாட்டு. மூன்றையும் ஆங்கிலிக்கன் சாண்ட் முறையில், அதாவது வசனத்தைச் சிறு மெட்டொன்றில் ஓதிப் பாடும் இங்கிலாந்துத் திருச்சபை முறையில், தமிழில் பாடினார்கள். மரியாளும் சிமியோனும் ஒரே மாலையில் சேர்ந்து வருவதற்கு நெடிய வரலாறு உண்டு. பழைய மேற்கத்திய வழக்கத்தில் முந்தியது மாலைப் புகழுக்கும் பிந்தியது இரவு ஜெபத்துக்கும் உரியவை. 1549இல் வந்த இங்கிலாந்துத் திருச்சபையின் ஜெபப் புத்தகம் அந்த இரண்டு வேளைகளையும் ஒரே மாலை ஆராதனையாக்கிவிட்டது. அதனால்தான் தாலிஸ் முதல் 1879இல் பி பிளாட் சுருதியில் எழுதிய ஸ்டான்போர்டு வரை இசையமைப்பாளர்கள் இரண்டையும் இணையாகவே அமைத்தார்கள்.

ஆனால் அந்தப் பெரிய இசையமைப்புகள் பயிற்சி பெற்ற பாடகர்களுக்கானவை. சாண்ட் எல்லோருக்கும் உரியது. ஒரு வசனத்தோடு மெட்டு முடியும் ஒற்றைச் சாண்டில் மொத்தம் பத்துச் சுரங்கள்தான்: வசனத்தின் முதல் பாதிக்கு நான்கு, இரண்டாம் பாதிக்கு ஆறு. ஒவ்வொரு பாதியிலும் முதல் சுரம் ஓதும் சுரம். அதில் எத்தனை சொற்களை வேண்டுமானாலும் பேச்சின் வேகத்தில் சொல்லிக்கொண்டு போகலாம், முடிவில் மட்டும் சுரங்கள் நகரும். சங்கீத வசனம் பெரும்பாலும் ஒரு கருத்தைச் சொல்லி, அடுத்த பாதியில் அதையே வேறு வகையில் திரும்பச் சொல்வதால் இந்த இரு பாதி அமைப்பு அதற்கு மிகவும் இசைவானது.

தமிழில் சிக்கல் எழுவது முடிவில்தான். "வானத்தையும் பூமியையும் உண்டாக்கின கர்த்தரிடத்திலிருந்து எனக்கு ஒத்தாசை வரும்" என்ற வசனத்தில் கடைசி எழுத்துகளை எண்ணிச் சுரங்களைப் பிரித்தால், முதல் பாதி முடிவின் நீண்ட சுரம் "லிருந்து" என்பதில் போய் விழும்; கர்த்தர் மறைந்து வேற்றுமை உருபு முன்னுக்கு வந்து நிற்கும். பல சபைகளில் நான் கேட்டது இதைத்தான். அலுத்துப்போய் அவர்கள் பாடுவதையே விட்டுவிட்டு வாசிப்புக்குப் போனதிலும் வியப்பில்லை. டீச்சரம்மாவின் குழுவோ "கர்த்" என்ற அசையிலேயே சுரத்தை நகர்த்தத் தொடங்கி, மீதியைப் பேசுவதுபோல் விரைவாக உருட்டி முடித்தது. பழைய நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு வசனத்தின் மேலும், எந்த அசையில் சுரம் மாற வேண்டும் என்று பென்சிலால் அவர் இட்ட குறிகளைப் பார்த்தேன். குறியிடுதல் என்பது எழுத்துகளை எண்ணும் வேலை அல்ல, பொருளைத் தேடும் வேலை என்பதை அந்த நோட்டு ஒவ்வொரு பக்கத்திலும் காட்டுகிறது. கீபோர்டில் ஏதோ ஒரு தாளத்தைத் தட்டிவிட்டு அதற்குள் சங்கீதத்தைத் திணிக்கிற இன்றைய பழக்கம் எனக்குப் பொறுக்கவே முடியாதது. வசனத்துக்கு அதற்கேயுரிய நடை உண்டு.

ஆராதனை முடிந்து தேநீர் கொடுத்தபோது, வெகுநாளாக மனத்தில் இருந்ததை டீச்சரம்மாவிடம் கேட்டேன். சந்தமில்லாத உரைநடை வசனத்தைச் சந்தத்துக்குள் மாற்றி, பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று கீர்த்தனையாக்கிப் பாடுவது நம்மிடம் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து வளர்ந்து வந்த பெருஞ்செல்வம். ஆனால் செய்யுளைத் தாளக்கட்டு இல்லாமல் ராகத்தில் நிறுத்திப் பாட நமக்கு விருத்தம் என்ற முறை இருக்கிறதே, வசனத்தை வசனமாகவே பாட, சங்கீதத்துக்கு அதை ஏன் எடுக்கவில்லை?

"தம்பி, நான் பாடிப் பார்த்திருக்கிறேன். 130ஆம் சங்கீதத்தை முகாரி ராகத்தில் பாடினால் நெஞ்சை அறுக்கும். ஆனால் விருத்தம் ஒருத்தர் பாட்டு. சபை வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்குமே?" என்றார்.

அவர் எழுப்பியது நியாயமான தடை. 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் சீர்திருத்தத்துக்குப் பின் கத்தோலிக்கத் திருப்பலியில் வரும் பதிலுரைப் பாடலை நினைவூட்டினேன்: ஒருவர் வசனங்களைப் பாட, மக்கள் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவார்கள். வசனங்கள் விருத்தத்தில் வரட்டும். "கர்த்தாவே, ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்" என்ற ஒரு வரி மட்டும் எளிய, மாறாத மெட்டில் சபைக்கு இருக்கட்டும். அவர் சிறிது யோசித்துவிட்டு, ஆர்மோனியத்தை இழுத்து முகாரியில் முதல் வசனத்தைப் பாடினார்; பாடகர் குழுவில் மிச்சமிருந்தவர்கள் தாங்களாகவே ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு பதில் பாடினார்கள். மூன்றாம் வசனத்துக்குள் மெட்டு நிலைத்துவிட்டது. லெந்து நாட்களில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில், சபையாரோடு பாடிப் பார்ப்பதாக டீச்சரம்மா சொல்லியிருக்கிறார். அப்போது நான் கட்டாயம் போவேன்.

போக நினைப்பவர்களுக்கு: சங்கீதம் பாடப்படுவது எல்லா ஞாயிறும் இல்லை, கோத்தகிரியில் விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். விடுதிக்கு 900 ரூபாய் கொடுத்தேன், வெந்நீர் காலையில் மட்டும்தான் வரும். ஆராதனை முடிய இருட்டிவிடும். மேட்டுப்பாளையம் இறங்கும் பேருந்து நேரத்தை வந்த உடனே நிலையத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் வாடகை வண்டிக்காரர்கள் கேட்கிற தொகைக்குத் தலையாட்ட வேண்டியிராது.