யார் வரவில்லை என்று பாருங்கள்: ஒரு வீட்டை வைத்து ஒரு நூற்றாண்டைப் படித்த அனுபவம்

ஆங்கில இலக்கியத்தில் கல்லூரி ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்குப் படிப்பவர்கள் பலர், 19ஆம் நூற்றாண்டின் சமூகப் பின்னணிக்கு வந்ததும் பெயர்ப் பட்டியல்களில் திணறுகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு வீடு. லண்டன் கென்சிங்டனில், இன்று ராயல் ஆல்பர்ட் ஹால் நிற்கும் இடத்தில் இருந்த கோர் ஹவுஸ். 1836 முதல் 1849 வரை அங்கே விருந்து வைத்தவர் பிளெசிங்டன் சீமாட்டி மார்கரெட்.

பின்னாளில் பிரிட்டனின் பிரதமரான டிஸ்ரேலி, எழுத்தாளர்களான டிக்கன்ஸ், தாக்கரே, லாண்டர், பின்னாளில் பிரான்சின் பேரரசரான லூயி நெப்போலியன் என வந்தவர் பட்டியல் எந்தக் கையேட்டிலும் கிடைக்கும். வராதவர்களைத் தேடுங்கள். மேட்டுக்குடிப் பெண்கள் பெரும்பாலும் அந்த வாசலை மிதிக்கவில்லை. அயர்லாந்தின் டிப்பரெரியில் பிறந்த மார்கரெட்டை 1804இல், 14 வயதில், ஒரு ராணுவ கேப்டனுக்குக் கட்டிவைத்தார்கள். அந்தக் கொடுமையிலிருந்து சில மாதங்களிலேயே வெளியேறிவிட்டார். பிளெசிங்டன் பிரபுவை மணந்தது 1818இல். பிளெசிங்டன் இறந்த பிறகு, அவருடைய மகளை மணந்திருந்த டோர்சே பிரபுவோடு மார்கரெட்டைச் சேர்த்து ஊர் பேசியது. கணவன்மார் போகலாம், மனைவியர் போகக்கூடாது என்பதே அன்றைய வழக்கம். ஒரு சிறுமிக்கு நடந்த அநியாயம் கடைசிவரை அவள் பெயரிலேயே களங்கமாக எழுதப்பட்டதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. விக்டோரியா காலத்து ஒழுக்கம் பற்றிய கேள்விக்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

அடுத்து பணத்தைப் பின்தொடருங்கள். விதவைக்கு ஒதுக்கப்பட்ட ஆண்டுக்கு 2,000 பவுண்டு அந்த வாழ்க்கைக்குப் போதவில்லை. அதனால் எழுதினார். 1823இல் இத்தாலியின் ஜெனோவாவில் கவிஞர் பைரனைச் சந்தித்துப் பேசியவை 1834இல் நூலாயின. 1841 முதல் ‘கீப்சேக்’ ஆண்டுமலரின் ஆசிரியர் அவரே. நம் தீபாவளி மலர் போல, படங்களோடு பரிசளிப்பதற்கென்றே வந்த புத்தகம் அது. விருந்து மேசையில் உட்கார்ந்தவர்களில் பலர் அந்த மலரிலும் எழுதினார்கள். இந்தத் தொடர்பு பிடிபட்டுவிட்டால் கோர் ஹவுஸை வெறும் ஆடம்பரம் என்று எழுத மாட்டீர்கள். அது அவருடைய தொழிற்கூடமும்கூட. ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: ஆண்டுமலரில் அச்சிட்டிருப்பது வரப்போகும் ஆண்டு. புத்தகம் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதியிலேயே கடைக்கு வந்துவிடும். கால வரிசைக் கேள்வியில் இது கவிழ்த்துவிடும்.

1840களின் பிற்பகுதியில் அயர்லாந்துப் பஞ்சத்தால் அங்கிருந்து வந்த வருமானம் விழுந்தது. கடன் முற்றி, 1849 மே மாதம் வீட்டுப் பொருள்கள் ஏலத்துக்கு வந்தன. பார்க்க வந்த தாக்கரேயின் கண்கள் கலங்கியிருந்ததாக வீட்டுப் பணியாளர் கடிதத்தில் எழுதியிருக்கிறார். மார்கரெட் ஜூன் 4 அன்று பாரிஸில் இறந்தார்.

இதை முடித்ததும் லண்டனின் இன்னொரு விருந்து வீடான ஹாலண்ட் ஹவுஸை எடுங்கள். அங்கே விருந்து வைத்த ஹாலண்ட் சீமாட்டியும் விவாகரத்தானவர் என்பதால் பெண்கள் ஒதுக்கியவர்தான். ஆனால் அவருக்குப் பின்னால் அன்றைய பிரிட்டனின் பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியும் கணவரின் செல்வாக்கும் இருந்தன. இரண்டு வீடுகளையும் ஒரே தாளில் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள்.