பிரிட்டிஷ் மியூசிக் 1918–39 பேப்பரா? 1934ங்கிற ஒரே ஒரு வருஷத்தை பிடிச்சுக்கோங்க

இங்கிலாந்துல மியூசிக் டிகிரி பண்ற நம்ம பசங்க சில பேர், ரெண்டு உலகப்போருக்கும் நடுவுல உள்ள பிரிட்டிஷ் மியூசிக் பேப்பர எப்படி படிக்கிறதுன்னு திரும்ப திரும்ப கேக்குறாங்க, அதான் எனக்கு எது வேலை செஞ்சுதோ அத மட்டும் எழுதிடறேன்.

சிலபஸ் பாத்தா இருபது வருஷம், எக்கச்சக்க இசையமைப்பாளர்கள். எல்லாரும் எல்கர் ஒரு நோட், ஹோல்ஸ்ட் ஒரு நோட், வால்டன் ஒரு நோட்னு ஆள் ஆளா போட்டு படிக்கிறாங்க. அப்படி படிச்சா "ரேடியோவும் ரெக்கார்டும் வந்தது இசையமைப்பாளர்களுக்கு என்ன பண்ணுச்சு"ன்னு ஒரு கேள்வி வந்தா கைல ஒண்ணுமே இருக்காது, வாழ்க்கை வரலாறுதான் இருக்கும். நான் ஒரு வருஷத்த எடுத்து மாசம் மாசமா எழுதி சுவத்துல ஒட்டிட்டேன், அதுல வர்ற ஒவ்வொரு பேரையும் பின்னாடி 1918 வரைக்கும் முன்னாடி 1939 வரைக்கும் இழுத்துட்டு போனேன். அந்த வருஷம் 1934.

ஏன் 1934னா, பிப்ரவரி 23 எல்கர் போயிட்டார், மே 25 ஹோல்ஸ்ட், ஜூன் 10 டீலியஸ். நாலு மாசத்துக்குள்ள மூணு பேர். இதனால எல்லா மாணவனும் "ஒரு யுகம் முடிஞ்சது"ன்னு ஆரம்பிச்சு எழுதுவான், திருத்துறவங்க அத எத்தனை தடவ படிச்சிருப்பாங்க யோசிங்க. ஆனா மாசவாரியா எழுதி வெச்சவனுக்கு வேற ஒண்ணு கண்ணுல படும். எல்கர் இறந்த அதே பிப்ரவரி 23 அன்னிக்கு பிபிசி ரேடியோல "எ பாய் வாஸ் பார்ன்"ங்கிற கோரஸ் படைப்பு முதல் முறையா ஒலிபரப்பாச்சு, எழுதினது 20 வயசு பெஞ்சமின் பிரிட்டன். ரெண்டு வாரத்துல, மார்ச் 6, நாரிச்ல அவரோட "சிம்பிள் சிம்ஃபனி", சின்ன வயசுல எழுதின பியானோ துண்டுகளையும் பாட்டுகளையும் வெச்சு பண்ணது. அதே வருஷம் லங்காஷயர் பக்கத்துல பின்னாடி இசையமைப்பாளர்களான பர்ட்விசிலும் மேக்ஸ்வெல் டேவிஸும் பொறந்தாங்க, அது சும்மா தற்செயல், கட்டுரைல ஒரு வரிக்கு மேல குடுக்காதீங்க.

எல்கர கண்டிப்பா ரேடியோ, ரெக்கார்ட் பக்கத்துலேர்ந்து படிங்க. நம்ம ஆளுங்க அவர பழைய ராஜா காலத்து மனுஷன்னு நினைச்சு 1919 செல்லோ கான்செர்ட்டோவோட மூடிடறாங்க. ஆனா தன் படைப்புகளையே தானே நடத்தி வரிசையா ரெக்கார்ட் பண்ணவர் அவர், 1932ல 16 வயசு வயலின் கலைஞர் மெனுஹினோட வயலின் கான்செர்ட்டோ பண்ணார், இன்னிக்கும் அத கேக்கலாம். 1931 நவம்பர்ல அபே ரோடு ஸ்டுடியோவ திறந்து வெச்சதும் அவர்தான். 1934 ஜனவரி 22, படுத்த படுக்கையா இருக்கார், லண்டன் ஸ்டுடியோவுலேர்ந்து வுஸ்டர்ல இருக்கற அவர் வீட்டுக்கு டெலிஃபோன் லைன் போட்டு, தன்னோட பழைய கோரஸ் படைப்பு "கரக்டகஸ்"லேர்ந்து ஆர்கெஸ்ட்ரா வாசிக்க வாசிக்க அவர் படுக்கைலேர்ந்து கேட்டு திருத்தம் சொன்னார். இத படிச்சப்ப எனக்கு கொஞ்ச நேரம் புக்க மூடி வெக்கணும்போல இருந்துச்சு. கூடவே இதையும் குறிச்சுக்கோங்க, நாடக ஆசிரியர் பெர்னார்ட் ஷா தூண்டுதல்ல பிபிசி 1000 பவுண்டுக்கு அவர்கிட்ட மூணாவது சிம்ஃபனி கேட்டுச்சு, வெறும் ஸ்கெட்ச்சா நின்னுபோச்சு, இசையமைப்பாளர் ஆன்டனி பெய்ன் அத வெச்சு முழுசா ஆக்கி 1998ல மேடை ஏறுச்சு. ஒரு ஒலிபரப்பு நிறுவனம் சிம்ஃபனிக்கு காசு குடுக்குதுங்கிறதுதான் உங்க கட்டுரைக்கு வேண்டிய விஷயம். 1930ல ஏட்ரியன் போல்ட் தலைமைல பிபிசி சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ரா, 1934ல வீட்டுல ரேடியோ வெச்சுக்க வாங்கற லைசன்ஸ் 60 லட்சத்துக்கு மேல, இத மூணையும் சேத்து வெச்சா ஒரு முழு பத்தி ரெடி.

ஹோல்ஸ்ட் கிட்ட நிறைய நேரம் குடுங்க, ப்ளீஸ். எல்லாரும் "பிளானட்ஸ்" எழுதிட்டு போயிடறாங்க, அது 1918லயே முதல் தடவ வாசிச்சாச்சு, அதுக்கப்புறம் பதினாறு வருஷம் மனுஷன் இருந்தார். 1927 "எக்டன் ஹீத்" கேளுங்க, 1930 "ஹாமர்ஸ்மித்" கேளுங்க, எவ்ளோ வறண்டு எவ்ளோ நிதானமா ஆயிடறார்னு தெரியும். சமஸ்கிருதம் கத்துக்கிட்டு ரிக்வேதப் பாடல்களையும் சாவித்திரி கதையையும் தானே இங்கிலீஷ்ல எழுதி இசையமைச்சவர்னு நமக்கு ஒரு சந்தோஷம் இருக்கும், எனக்கும் இருந்துச்சு, ஆனா ராகம் தாளம்னு அதுல தேடி கட்டுரைல எழுதிடாதீங்க, அவர் எடுத்துக்கிட்டது கதையையும் வார்த்தையையும்தான். அதவிட முக்கியம், 1905லேர்ந்து கடைசி வரைக்கும் லண்டன்ல செயின்ட் பால்ஸ் பெண்கள் பள்ளில பாட்டு வாத்தியார். "புரூக் கிரீன் சூட்" அந்த ஸ்கூல் ஆர்கெஸ்ட்ராவுக்காக எழுதினது, 1934 மார்ச்ல அங்கயே வாசிச்சாங்க. அந்த காலத்து பிரிட்டிஷ் மியூசிக் ஸ்கூல்ல, அமெச்சூர் கோரஸ்ல எப்படி உயிரோட இருந்துச்சுங்கிறதுக்கு இதவிட நல்ல உதாரணம் எனக்கு தெரியல.

ஹோல்ஸ்ட் போன மூணாவது நாள், மே 28, சசெக்ஸ்ல ஜான் கிறிஸ்டி தன் பங்களாவோட கட்டின கிளைண்ட்போர்ன் ஆப்பரா தியேட்டர் மொசார்ட்டோட "ஃபிகரோ"வோட திறந்தது. ஆர்கெஸ்ட்ராவ நடத்தினவர் ஃப்ரிட்ஸ் புஷ், மேடை இயக்கம் கார்ல் ஈபெர்ட், ரெண்டு பேருமே 1933ல நாஜிகளால ஜெர்மனில வேலை இழந்தவங்க. அரசியல் எங்கன்னு கேள்வி வந்தா இதுலேர்ந்து ஆரம்பிக்கலாம். டீலியஸ் பத்தி சுருக்கமா போதும், கண்ணு தெரியாம கை கால் வராம பிரான்ஸ்ல இருந்தவருக்கு 1928லேர்ந்து எரிக் ஃபென்பி உக்காந்து சொல்ல சொல்ல எழுதினார், "சாங்ஸ் ஆஃப் ஃபேர்வெல்" அப்படி வந்ததுதான்.

பொதுவா நோட்ஸ்ல விட்டுப்போற ஒருத்தர் பெண் இசையமைப்பாளர் எதெல் ஸ்மைத். அதே 1934ல தாமஸ் பீச்சம் தலைமைல அவங்களுக்கு விழா, கடைசி கச்சேரி ஆல்பர்ட் ஹால்ல, ராணியே வந்திருந்தாங்க, ஆனா அதுக்குள்ள அவங்களுக்கு காது சுத்தமா போயிடுச்சு. அவங்க கூடவே 1931ல ஆரம்பிச்ச மெக்னாட்டன்–லெமேர் கச்சேரிகளையும் சேத்து படிங்க, இளம் இசையமைப்பாளர்களுக்காக மூணு பெண்கள் சேந்து நடத்தினது, பிரிட்டனோட ஆரம்ப படைப்புகளும் அங்க வாசிச்சிருக்காங்க. டான்ஸ் பேண்ட் பக்கம் பேண்ட் தலைவர் ரே நோபிளும் பாடகர் ஆல் போலியும் போதும்.

இப்ப ஒரு டெக்னிக். ஒவ்வொரு படைப்புக்கும் எழுதின வருஷம், முதல் கச்சேரி, முதல் ரெக்கார்ட்னு மூணு கட்டம் போடுங்க. வால்டனோட முதல் சிம்ஃபனிக்கு கடைசி மூவ்மென்ட் (சிம்ஃபனியோட ஒரு பகுதி) முடியவே இல்ல, இருந்தாலும் 1934 டிசம்பர் 3 ஹாமில்டன் ஹார்ட்டி முதல் மூணு மூவ்மென்ட்ட மட்டும் நடத்திட்டார், முழுசா வந்தது 1935 நவம்பர். வான் வில்லியம்ஸோட நாலாவது சிம்ஃபனி 1934ல முடிஞ்சுது, மேடைக்கு வந்தது 1935 ஏப்ரல். ரெண்டும் கரடுமுரடா சத்தமா இருக்கும், உடனே யுத்தம் வரப்போகுதுன்னு எழுத கை துறுதுறுக்கும். தேதிய பாத்துட்டு எழுதுங்க, வான் வில்லியம்ஸ் 1931லயே ஆரம்பிச்சுட்டார்.

தேட எங்க போகணும்னா, பிபிசியோட ஜீனோம் சைட்ல 1923லேர்ந்து பழைய ரேடியோ நிகழ்ச்சி பட்டியல் தேதி போட்டு தேடலாம், காசு கிடையாது. ஒரு வாரத்த எடுத்து முழுசா படிச்சு பாருங்க, சிம்ஃபனிக்கு பக்கத்துல டான்ஸ் பேண்ட், அதுக்கு பக்கத்துல விவசாய பேச்சுன்னு ஜனங்க எப்படி கேட்டாங்கன்னு புரியும், அந்த ஒரு வாரத்துலேர்ந்து ரெண்டு உதாரணம் குடுத்தாலே உங்க கட்டுரை தனியா தெரியும். ஸ்கோர் (அச்சிட்ட இசைக்குறிப்பு) எல்கர், ஹோல்ஸ்ட், டீலியஸ் மூணு பேரோடதும் ஆன்லைன்ல ஃப்ரீயா கிடைக்கும், வால்டன், பிரிட்டன் காப்பிரைட்ல இருக்கு, லைப்ரரிலதான் எடுக்கணும், பரீட்சை மாசத்துல எல்லா காப்பியும் போயிடும், ஜனவரிலயே எடுத்துடுங்க.

நாள் ரொம்ப கம்மியா இருந்தா, முதல்ல எல்கர்–மெனுஹின் ரெக்கார்டிங், அடுத்து "எக்டன் ஹீத்", அப்புறம் "எ பாய் வாஸ் பார்ன்", கடைசியா வால்டன் சிம்ஃபனி, இந்த வரிசைல ஸ்கோர் கைல வெச்சு கேளுங்க. வால்டன் கேக்கறப்ப மூணாவது மூவ்மென்ட் முடிஞ்சதும் நிறுத்திடுங்க, 1934 டிசம்பர்ல ஹால்ல இருந்தவங்க கேட்டது அவ்ளோதான், நாலாவத மறுநாள் தனியா கேளுங்க.