எலுமிச்சையில் வெளுத்த மீன்

நேற்று பெங்களூரில் தங்கச்சி கூட்டிப்போன உணவகத்தில் பெரு நாட்டுச் சமையலும் ஜப்பான் சமையலும் கலந்து செய்கிறார்கள், இந்த வகைக்கு நிக்கேய் என்று பேர். பென்னாகரத்திலிருந்து அம்மாவும் வந்திருந்தார். முதலில் செவிச்சே. பச்சை மீனை எலுமிச்சைச் சாற்றில் போட்டு வெங்காயம், மிளகாய், மல்லித்தழை சேர்த்திருந்தார்கள். அம்மா ஒரு துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏன் சாமி, இதை அடுப்புலயே வைக்கலையா?" என்றார். ஒகேனக்கல்லில் மீன் வாங்கி, அங்கேயே மசாலா தடவி வறுத்துத் தரச்சொல்லிச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

புளிப்பு பட்டால் மீன் சதை வெந்த மாதிரியே வெளுத்து இறுகிவிடும், ஆனால் தீயைப் போலக் கிருமியைக் கொல்லாது, அதனால் மீன் சுத்தமானதாக இருந்தே ஆக வேண்டும்.

அப்புறம் திராதித்தோ வந்தது. ஜப்பான்காரர்கள் சஷிமி என்ற பச்சை மீன் உணவுக்கு வெட்டுவது போல மெல்லிய மீன் வில்லைகள், மேலே பெருவின் மஞ்சள் மிளகாய்ச் சாறு. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது!

1899-ல் சகுரா மாரு என்ற கப்பலில் 790 ஜப்பானியர்கள் பெருவுக்குப் போய் இறங்கினார்கள், பெரும்பாலும் கரும்புத் தோட்டக் கூலி வேலைக்கு. அவர்களுடைய கைப்பக்குவமும் அந்த மண்ணின் மிளகாயும் சேர்ந்ததுதான் இந்தத் தட்டு. நம் தருமபுரி மாவட்டத்திலிருந்து பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகும் ஜனங்கள்தான் எனக்கு நினைவுக்கு வந்தார்கள், மனசு கனத்துவிட்டது.

விலை அதிகம்தான். இருந்தாலும் அம்மா திராதித்தோ இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.