இரண்டு நாளில் நகர்ந்த காகிதம்

"ஒரு மாதம் இழுத்துப் போடுங்கள் ஐயா. அவ்வளவுதான் கேட்கிறேன்."

1996இல் அந்தத் தகப்பனார் என் மேசைக்கு எதிரே நின்று சொன்னது இது. கையில் ஒரு மஞ்சள் பை, அதில் மண்கூட உதிராத பச்சை வேர்க்கடலை. பையை மேசையோரம் வைத்துவிட்டுத்தான் பேசத் தொடங்கினார். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் முகாமுக்குப் போக இருப்பிடச் சான்று வேண்டுமென்று அவர் மகன் மனுக் கொடுத்திருந்தான். கிராம நிர்வாக அலுவலரான நான் விசாரித்து அறிக்கை எழுத வேண்டும். பிறகு வருவாய் ஆய்வாளர், அதன் பிறகு தாசில்தார். என் கட்டத்திலேயே காகிதம் தங்கிவிட்டால் முகாம் தேதி கடந்துவிடும். இதைத் தெரிந்துகொண்டுதான் வந்திருந்தார்.

காரணமும் தயாராக வைத்திருந்தார். "பையன் பிறந்தது அவன் அம்மா வீட்டில், சித்தூர் பக்கம். ஐந்தாவது வரை அங்கேதான் தெலுங்கில் படித்தான். ஆந்திராக்காரன் என்று எழுதுங்கள், விசாரணை வேண்டும் என்று எழுதுங்கள். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். குடியாத்தத்துக்கு வடக்கே, பரதராமியைச் சுற்றியுள்ள ஊர்களில் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். வீடு இந்த மாநிலத்தில், கிணறு அந்த மாநிலத்தில். பெண் கொடுத்தது அங்கே, எடுத்தது இங்கே. இருப்பிடம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவர்களில் யாருடைய காகிதத்தையும் எத்தனை நாள் வேண்டுமானாலும் நிறுத்தி வைக்கலாம். அப்படி நிறுத்திக் காசு பார்த்தவர்களை நான் அறிவேன். நான் அந்த ரகம் இல்லை என்பதில் எனக்குப் பெருமை இருந்தது. பரம்பரையாக ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம் முறை 1980 நவம்பரில் ஒழிந்த பிறகு தேர்வு எழுதி வேலைக்கு வந்தவன் நான். ஊர் என்னையும் கர்ணம் என்றே அழைத்தது என்றாலும், பழைய கர்ணம் போல யாரையும் என் திண்ணையில் காக்க வைப்பதில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன்.

"யார் காகிதத்தையும் நான் இழுத்தடித்ததில்லை. பையை எடுத்துக்கொண்டு போங்கள்" என்றேன். குரல் உயர்ந்திருந்தது.

அவர் பையை எடுத்தார். வாசல்வரை போய்த் திரும்பி, "எல்லோர் காகிதமும் ஆறு மாதம் தூங்குகிற தாலுகாவில் என் பிள்ளையினுடையது மட்டும் ஏன் இவ்வளவு வேகமாகப் போக வேண்டும்?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே விடை தெரிந்துகொள்ள விரும்பியவரைப் போலக் கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அறிக்கை ஆய்வாளர் கைக்குப் போய்விட்டது.

அந்தப் பையனை எனக்குப் பிடிக்கும். விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடுவான். 1,600 மீட்டரை அளந்து, இரண்டு முனையிலும் வேப்பங்குச்சி நட்டு வைத்திருந்தான். மார்பளவு 77 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும் என்று சொல்லி, என் நில அளவை டேப்பைக் கேட்டு வாங்கி அலுவலகத்திலேயே அளந்து காட்டினான். எங்கள் மாவட்டத்தில் இதெல்லாம் புதிதில்லை. வீட்டுக்கு ஒருவர் படையில் இருப்பதால் இராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய கம்மவான்பேட்டை இதே வேலூர்ச் சீமையில்தான் இருக்கிறது. மழை பொய்த்தால் விவசாயிப் பிள்ளைக்கு மாதச் சம்பளம் தருகிற கதவு அது ஒன்றுதான். சம்பளத்துக்காகப் போனான் என்று மட்டும் சொன்னால் அவனுக்கு நியாயம் செய்தவன் ஆக மாட்டேன். சீருடைமீது அவனுக்கு ஆசை இருந்தது. அதைப் பேசும்போது அவன் முகம் வேறாகிவிடும்.

1999 ஜூன் கடைசியில், கார்கில் போரின்போது, அவன் பெட்டியில் வந்தான். வயது 22. ஸ்ரீநகரிலிருந்து லே போகும் சாலையில், திராஸ் அருகே, குண்டு ஏற்றிய லாரியை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். சிகரங்களில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்தச் சாலை உள்ளங்கைபோலத் தெரியும். அவர்கள் பார்த்துச் சொல்ல, அந்தப் பக்கத்துப் பீரங்கி சுடும். ஜூன் 13இல் டோலோலிங் சிகரம் நம் கைக்கு வந்த பிறகும் சாலையில் குண்டு விழுவது நிற்கவில்லை. அந்தப் போரில் நம் தரப்பில் இறந்தவர்கள் 527 பேர் என்று அரசு சொல்கிறது. முன்பெல்லாம் ஊருக்குத் தந்திதான் வரும், உடல் வராது என்று 1971இல் போருக்குப் போய் வந்த ஒரு பெரியவர் சொல்லிக்கொண்டே இருந்தார். இந்த முறை உடல் வந்தது.

பாதையைச் சமப்படுத்துவது, ஏரிக்கரைப் புறம்போக்கில் இடம் காட்டுவது, வருகிற அதிகாரிகளுக்கு நாற்காலி போடுவது எல்லாம் என் பொறுப்பு. வேலை இருந்தது எனக்கு நல்லதாகப் போயிற்று. எல்லையின் இரண்டு பக்கத்திலிருந்தும் கூட்டம் வந்து, தமிழிலும் தெலுங்கிலும் முழக்கமிட்டது. வேப்பங்குச்சி நட்ட இடத்துக்குப் பத்தடி தள்ளித்தான் அவனை அடக்கம் செய்தோம்.

அடுத்த வாரம் வாரிசுச் சான்றுக்காக அதே வீட்டுக்கு நான் விசாரணைக்குப் போக நேர்ந்தது. திருமணமாகாதவன். 1956ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசு தாய்தான், தகப்பன் இரண்டாம் வகுப்பில் வருவார். இதை அந்தத் தகப்பனாரிடமே நான் விளக்க வேண்டியிருந்தது. கேட்டுக்கொண்டார். தாய் கைநாட்டு வைத்த பிறகு, என்னைப் பார்த்து, "இந்த முறை எத்தனை நாளாகும் ஐயா?" என்றார்.

குத்திக் காட்டவா கேட்டார், அல்லது எல்லோரும் கேட்பதைப் போலக் கேட்டாரா? இத்தனை வருடமாக இரண்டு விதமாகவும் அந்தக் குரலை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். சில இரவுகளில் அது குற்றச்சாட்டு. சில இரவுகளில் வெறும் கேள்வி. "இரண்டு நாள்" என்றேன். வேறு எண் வாயில் வரவில்லை.

என் பக்க நியாயம் எனக்கு மனப்பாடம். மனுதாரர் வயது வந்தவர். தகப்பன் சொன்னார் என்று அவர் மனுவை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை. அந்த முகாம் தவறியிருந்தால் அடுத்த முகாமுக்குப் போயிருப்பான். நான் வண்டி ஓட்டவில்லை, குண்டு போடவில்லை. இதில் எதுவும் பொய் இல்லை.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. என் அறிக்கையில் "மனுதாரர் பிறந்தது முதல் இக்கிராமத்தில் வசித்து வருகிறார்" என்று எழுதினேன். அவன் இங்கே பிறக்கவில்லை என்று அதற்கு முந்தின நாள்தான் தகப்பனார் என்னிடம் சொல்லியிருந்தார். உள்ளபடி எழுதியிருந்தால் விசாரணை வந்திருக்கும், சித்தூர்ப் பக்கம் கடிதம் போயிருக்கும், முகாம் தேதி தானாகவே கடந்திருக்கும். அந்தத் தகப்பன் என்னிடம் கேட்டது சலுகையே இல்லை. உண்மையை எழுதுங்கள் என்று கேட்டிருக்கிறார். நேர்மையின் பெயரால் அவரை விரட்டிவிட்டு, அவர் பிள்ளைக்காக ஒரு பொய்யை எழுதினேன். பையன்மீது இருந்த பிரியத்தால் எழுதினேனா, கடலைப் பையைக் காட்டி என்னை வளைக்கப் பார்த்தார் என்ற வீம்பில் எழுதினேனா? பிரியம் என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன். குரல் உயர்ந்தது நினைவுக்கு வரும்போது அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கிராமத்துப் பிறப்பு, இறப்புப் பதிவேடுகள் என் பொறுப்பில்தான் இருந்தன. அவன் பிறப்பு அதில் இல்லை, அது எல்லைக்கு அப்பால் நடந்தது. இறப்பும் இல்லை, அது இமயமலையில் நடந்தது. அவன் இந்த ஊர்க்காரன் என்று சொல்ல என் கையெழுத்தில் இருந்தது அந்த ஒரு வரிதான். இன்று அந்த ஏரிக்கரை நினைவுக் கல்லில் அவன் பெயருக்குக் கீழே எங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறது. அதைப் பார்க்கும்போது, நான் எழுதியது பொய்தானா என்றும் தோன்றிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

2001இல் வேறொரு பையன் வந்தான். அதே ஏரிக்கரையில் ஓடியவன், அதே முகாம் விஷயம். இவன் எங்கள் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன், பதிவேட்டில் பெயர் இருக்கிறது, ஒரு குறையும் சொல்ல முடியாது. தகப்பன் இல்லை. இழுத்துப் போடுங்கள் என்று சொல்ல ஒருவரும் வரவில்லை. அந்த மனுவை அடங்கல் கட்டுக்கு அடியில் மூன்று வாரம் வைத்திருந்தேன். தினமும் வந்து கேட்டான். ஆய்வாளர் விடுப்பில் இருக்கிறார் என்றேன். முகாம் முடிந்த மறுநாள் அறிக்கை எழுதி அனுப்பினேன்.

அடுத்த முகாமில் உயரம் அளந்த இடத்திலேயே அவனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு அவன் போகவில்லை. இன்று பலமநேரிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு சென்னைக்கு லாரி ஓட்டுகிறான். இரண்டு பெண் குழந்தைகள். போன மாதம் குடியாத்தம் பஸ் நிலையத்தில் என்னைப் பார்த்து வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தான். ஓய்வு பெற்ற பிறகு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். தேநீர் வாங்கிக் கொடுத்தான்.

"அன்றைக்கு மட்டும் அந்த ஆய்வாளர் விடுப்பு எடுக்காமல் இருந்திருந்தால், ஐயா, நான் இந்நேரம் பென்ஷனோடு ஊர் திரும்பியிருப்பேன்" என்றான்.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. சின்னவள் எத்தனாவது படிக்கிறாள் என்று கேட்டேன்.